ஹோமி பாபா

மும்பையில் செம்பூரை அடுத்துக் கடலோரமாக அமைந்த பகுதி டிராம்பே. இந்தியாவின் முதல் அணு உலை இங்குதான் இயங்கத் தொடங்கியது. அதனை அமைத்தவர் ஹோமி ஜஹாங்கீர் பாபா.

பாபா 1909ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் மும்பையில் ஒரு பார்சிக் குடும்பத்தில் பிறந்தார். பொறியியல் கற்பதற்காகத் தந்தை அவரை இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜுக்கு அனுப்பினார். மகனின் உள்ளமோ இயற்பியலை நாடியது. பொறியியலில் முதல் வகுப்பில் தேறினால் விரும்பியதைக் கற்கலாம் என்று தந்தை இசைந்தார். பாபா அவ்வாறே தேறினார். பின்னர், விண்வெளியிலிருந்து பாய்ந்து வரும் காஸ்மிக் கதிர்களை ஆராய்ந்து உலகப் புகழ் பெற்றார்.

1939இல் விடுமுறைக்காகத் தாயகம் வந்தார். அவ்வேளையில் இரண்டாம் உலகப் போர் மூண்டதால் திரும்ப இயலவில்லை. பெங்களூரில் சர் சி. வி. இராமன் பணியாற்றிய இயற்பியல் துறையில் சேர்ந்தார். போர் முடிந்த பின்னரும் அவர் அயல்நாடு சென்று குடியேறவில்லை. நாட்டுக்கு வேண்டிய அறிஞர்களை நாட்டிலேயே உருவாக்க விரும்பினார். 1945இல் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தையும், 1954இல் டிராம்பேயில் அணுசக்தி நிலையத்தையும் தோற்றுவித்தார். அங்கு 1956 ஆகஸ்ட் 4ஆம் நாள் அப்சரா அணு உலை இயங்கத் தொடங்கியது.

1966 ஜனவரி 24ஆம் நாள், ஆல்ப்ஸ் மலைத்தொடரில் நேர்ந்த விமான விபத்தில் பாபா உயிரிழந்தார். அப்போது அவருக்கு வயது 56. அடுத்த ஆண்டில் டிராம்பே நிலையத்திற்கு அவர் பெயர் சூட்டப்பட்டது.

1969இல் அப்பல்லோ 11 வீரர்கள் நிலவின் கற்களைக் கொணர்ந்தனர். அவை 300 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழமையுடையவை. அப்பல்லோ பயணங்களில் கிடைத்த மாதிரிகள் சில, பாபா நிறுவிய டாட்டா நிறுவனத்திற்கும் வந்தன. நிலவில் காற்று மண்டலம் இல்லை. ஆதலால் காஸ்மிக் கதிர்கள் கற்களை நேரே தாக்கி, நுண்ணிய தடங்களைப் பதிக்கின்றன. தேவேந்திர லால் முதலிய அறிஞர்கள் அத்தடங்களை நுண்ணோக்கியால் ஆராய்ந்து, கற்கள் நிலவின் மேற்பரப்பில் எவ்வளவு காலம் கிடந்தன என்பதைக் கணித்தனர்.

நிலவுக் கற்களைக் காணும் வாய்ப்புப் பாபாவுக்குக் கிட்டவில்லை. எனினும், அவற்றை மும்பையிலேயே ஆராயும் அறிஞர்களை அவர் தோற்றுவித்த நிறுவனம் உருவாக்கியிருந்தது.

சொற்பொருள்
இசைந்தார் – ஒப்புக்கொண்டார்
மூண்டதால் – தொடங்கியதால்
கொணர்ந்தனர் – கொண்டு வந்தனர்

வினாக்கள்
1. பாபாவின் தந்தை எதற்கு இசைந்தார்?
2. பாபா ஏன் தாய்நாட்டிலேயே தங்கினார்?
3. நிலவுக் கற்களில் தடங்கள் எவ்வாறு பதிகின்றன?