டீசலை வாட்டிய கசிவு உங்கள் டிராக்டருக்கு வேண்டாம்

டிராக்டருக்கு ஊற்றும் எண்ணெயை டீசல் என்கிறோம். அது ஒரு மனிதரின் பெயர். ருடால்ஃப் டீசல் என்ற அந்த ஜெர்மன் பொறியாளர் 1913-ல் இறந்தபோது, டீசல் டிராக்டர் எதுவும் விற்பனைக்கு வந்திருக்கவில்லை. ஆனாலும், உங்கள் வீட்டு டிராக்டரின் எஞ்சின் எத்தனை ஆண்டு உழைக்கும் என்ற கேள்விக்கு அவர் பட்ட பாட்டில் விடை இருக்கிறது.

டீசல் பிறந்தது 1858-ல், பாரிஸ் நகரில். பெற்றோர் ஜெர்மனியிலிருந்து பிழைக்க வந்தவர்கள். தந்தை புத்தகம் கட்டுபவர். 1870-ல் பிரான்சுக்கும் ஜெர்மனிக்கும் போர் மூண்டதும் குடும்பம் லண்டனுக்குக் கிளம்ப வேண்டியதாயிற்று. அங்கே வருமானம் போதவில்லை. 12 வயதுப் பையனை ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் இருந்த உறவினர் வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். அவன் அங்கே படித்து, பிறகு மியூனிக் தொழில்நுட்பக் கல்லூரியில் முதல் தர மாணவனாகத் தேறினான். குளிர்பதன இயந்திரங்களுக்குப் பெயர்பெற்ற கார்ல் ஃபான் லிண்டே அங்கே அவனுக்கு ஆசிரியர்.

அந்தக் காலத்தில் ஆலைகளை ஓட்டியது நீராவி எஞ்சின். எரிக்கும் நிலக்கரியின் வெப்பத்தில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் வேலையாக மாறும், மீதி வீண். மாணவராக இருந்தபோதே டீசலின் மனதை இது உறுத்தியது. பெரிய ஆலைகளால் மட்டுமே நீராவி எஞ்சினை வைத்து ஓட்ட முடிந்தது. சிறு பட்டறைக்காரரும் வாங்கி வைக்கும்படி, குறைந்த எரிபொருளில் ஓடும் எஞ்சின் வேண்டும் என்று அவர் விரும்பினார்.

அதற்கு அவர் கண்ட வழி காற்றை இறுக்குவது. சைக்கிளுக்குக் காற்றடித்த பிறகு பம்பின் அடிப்பகுதியைத் தொட்டால் சுடும் அல்லவா? அதே சங்கதிதான். சிலிண்டருக்குள் காற்றைப் பலமாக இறுக்கினால் அது நெருப்பாகக் கொதிக்கும். அந்தக் காற்றில் எண்ணெயைத் தெளித்தால் பொறி இல்லாமலே பற்றிக்கொள்ளும். உங்கள் டிராக்டரில் ஸ்பார்க் பிளக் இல்லாததற்குக் காரணம் இதுதான். இன்றைய எஞ்சினில் இறுக்கிய காற்றின் சூடு 500 டிகிரி செல்சியஸைத் தாண்டுகிறது.

முதல் எதிரி கசிவு

1892-ல் டீசல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். ஆக்ஸ்பர்க் இயந்திர ஆலை அவருக்குப் பட்டறையும் ஆட்களும் கொடுத்தது. 1893-ல் முதல் எஞ்சின் தயாரானது. காகிதத்தில் போட்ட கணக்கு இரும்பில் வரவில்லை. பிஸ்டன் ஓரமாகக் காற்று கசிந்ததால் நினைத்த அழுத்தம் ஏறவில்லை. கசிவை அடைக்கத் திரும்பத் திரும்ப வேலை பார்த்தார்கள். ஆகஸ்ட் 10 அன்று முதன்முறையாக எரிபொருளை உள்ளே செலுத்தியதும் பெரிய வெடிப்பு. அழுத்தம் காட்டும் கருவி சிதறியது. ஆனால், பொறி இல்லாமல் எண்ணெய் பற்றும் என்பது உறுதியாயிற்று.

1894 பிப்ரவரி 17-ல் எஞ்சின் தன் சொந்த சக்தியில் ஒரே ஒரு நிமிடம் ஓடியது. அந்த ஒரு நிமிடத்தை நம்பகமான ஓட்டமாக மாற்ற மேலும் 3 ஆண்டுகள் ஆயின. 1897 பிப்ரவரியில் பேராசிரியர் மோரிட்ஸ் ஷ்ரோட்டர் அதிகாரபூர்வமாகச் சோதித்தபோது, எரிபொருளின் வெப்பத்தில் சுமார் 26 சதவீதம் வேலையாக மாறியது தெரியவந்தது.

இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். காற்றை இறுக்கிப் பிடிக்கும்வரைதான் டீசல் எஞ்சினுக்கு உயிர். டீசலுக்கு முதல் நாள் வந்த கசிவுதான், தேய்ந்த எஞ்சினுக்குக் கடைசியில் வருகிறது. பிஸ்டன் ரிங்கும் லைனரும் தேய்ந்தால் காற்று கீழே இறங்கும். காலையில் எஞ்சின் எளிதில் ஸ்டார்ட் ஆகாது, இழுவை குறையும், நீலப் புகை வரும், ஆயில் குறையும்.

அவசரத்தின் விலை

1897 சோதனைக்குப் பிறகு பல நாட்டு நிறுவனங்கள் உரிமம் வாங்கின. டீசல் பெரும் பணக்காரர் ஆனார். ஆனால் எஞ்சின் அவசரமாகச் சந்தைக்குப் போனது. 1898-ல் ஜெர்மனியின் கெம்ப்டன் ஊர்த் தீப்பெட்டி ஆலையில் வைத்த எஞ்சின் அடிக்கடி மக்கர் செய்தது. வேறு இடங்களிலும் புகார்கள் கிளம்பின. தத்துவத்தில் பிழை இல்லை. அதைத் துல்லியமாகச் செய்யவும், தெரிந்து பராமரிக்கவும் போதிய ஆட்கள் அப்போது இல்லை. வேலைப் பளுவும் வழக்குகளும் சேர்ந்து அவரை நோயாளியாக்கின.

1900-ல் பாரிஸ் கண்காட்சியில் ஒரு சிறிய டீசல் எஞ்சினைக் கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டினார்கள். விளைபொருளின் எண்ணெயே எஞ்சினுக்குத் தீனியாகலாம் என்று டீசலும் பின்னாளில் பேசினார். இதைக் கேள்விப்பட்டு உங்கள் டேங்கில் நேரடியாகச் சமையல் எண்ணெய் ஊற்றிவிடாதீர்கள். இன்றைய நாசிலின் நுண்துளைகளில் அது கரியாகப் படிந்து அடைத்துக்கொள்ளும்.

நிலம் வாங்கி விற்கும் வியாபாரத்தில் டீசல் பெரும் பணத்தை இழந்தார். 1913 செப்டம்பர் 29 இரவு, பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் துறைமுகத்திலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். மறுநாள் காலை அவர் கப்பலில் இல்லை. சில நாள் கழித்துக் கடலில் ஓர் உடல் கிடைத்தது. அதிலிருந்த பொருள்களை மகன் அடையாளம் காட்டினார். சாவின் மர்மம் இன்றுவரை முழுதாக விலகவில்லை.

சிறிய எஞ்சின் வந்த கதை

டீசல் காலத்து எஞ்சினில், எண்ணெயை உள்ளே ஊதித் தள்ளத் தனியாக ஒரு காற்று அமுக்கி வேண்டும். அதனால் எஞ்சின் கனத்தது. 1927-ல் பாஷ் நிறுவனம் டீசல் பம்பைப் பெருமளவில் தயாரிக்கத் தொடங்கிய பிறகு எஞ்சின் சிறுக்க வழி பிறந்தது. ஜப்பானில் விவசாயக் குடும்பத்தில் பிறந்த மாகோகிச்சி யாமாஓகா, 1933-ல் சிறு விவசாயிக்கு ஏற்ற சிறிய டீசல் எஞ்சினை உருவாக்கினார். அந்த நன்றிக்காக 1957-ல் ஆக்ஸ்பர்க் நகரில் டீசலுக்கு நினைவுத் தோட்டம் அமைத்துக் கொடுத்தார்.

உங்கள் எஞ்சினுக்கு எத்தனை மணி?

செலவுக் கணக்கு போடும்போது டிராக்டரின் ஆயுளை 10,000 மணி என்று வைத்துக்கொள்வது நம் நாட்டு வேளாண் பொறியியலில் வழக்கம். ஆண்டுக்கு 500 மணி ஓட்டினால் அது 20 ஆண்டு. ஆனால் ஏர் கிளீனரைக் கவனிக்காமல் புழுதி உழவு ஓட்டினால், பாதி ஆயுளுக்கு முன்பே லைனர் போய்விடும். எஞ்சினை இறக்கி வேலை பார்க்கும் செலவு ஒருபுறம். ஈரம் இருக்கும்போது உழவு தவறிப்போவது அதைவிடப் பெரிய நட்டம்.

கசிவைத் தள்ளிப்போட நீங்கள் செய்ய வேண்டியவை:

காற்று: புழுதியில் ஓட்டும் நாள்களில் தினமும் ஏர் கிளீனரைப் பாருங்கள். ஆயில் உள்ள வகையானால், கோடு வரை ஆயில் இருக்கிறதா, அடியில் சேறு படிந்திருக்கிறதா என்று கவனியுங்கள். காகித ஃபில்டரானால் உள்ளிருந்து வெளியே மெதுவாக ஊதுங்கள். ரப்பர் குழாயில் வெடிப்போ தளர்ந்த கிளிப்போ இருந்தால் மண் நேராக லைனருக்குப் போகும்.

டீசல்: பம்புக்குள் இருக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் சில பங்குதான். துருவும் தண்ணீரும் அதைக் கெடுத்துவிடும். சுத்தமான கேனில் வாங்கி, தெளியவிட்டு, வடிகட்டி ஊற்றுங்கள். வேலை முடிந்ததும் மாலையிலேயே டேங்கை நிரப்பிவிட்டால் இரவுக் குளிரில் உள்ளே நீர் கோக்காது. ஃபில்டரின் அடியில் தேங்கும் நீரை வடித்துவிடுங்கள்.

ஆயில்: கையேட்டில் சொன்ன தரம், சொன்ன மணி, கூடவே புது ஃபில்டர். அளவுக் குச்சியில் ஆயில் தானாக ஏறினாலும் பால் நிறமானாலும் டீசலோ தண்ணீரோ கலக்கிறது. உடனே வண்டியை நிறுத்தி மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

சூடு: ரேடியேட்டரில் அடைந்த வைக்கோல் தூசியை எடுங்கள். வெறும் தண்ணீருக்குப் பதில் கூலன்ட் ஊற்றுங்கள். ஸ்டார்ட் செய்ததும் முறுக்காதீர்கள். கடும் வேலைக்குப் பின் சில நிமிடம் மெதுவாக ஓடவிட்டு அணையுங்கள்.

பழைய டிராக்டர் வாங்கப் போகிறீர்களா? எஞ்சின் ஆறியிருக்கும்போதே போய் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் தளர்த்திப் பாருங்கள். புகை குபுகுபுவென்று அடித்தால் பிஸ்டன் ஓரம் கசிகிறது என்று பொருள். பெயின்ட் பளபளப்பையும் மணி மீட்டரையும் நம்பாமல் அந்தப் புகையைப் பார்த்து விலை பேசுங்கள்.