ஜான் காக்

காரமடையில் மாசித் தேர் நகரக் கண்டோர் ஓர் உண்மையை அறிவர். வடம் பிடித்தோர் பல்லாயிரவராயினும், அவர்களுக்கு நீண்ட கட்டளை பயன்படாது. எல்லோரும் ஒருங்கே நிறைவேற்றத்தக்க சிறு குரலே தேரை நகர்த்தும். இவ்வுண்மையைக் கணிப்பொறியினுள் நிலைநாட்டியவர் ஜான் காக் என்னும் பேரறிஞர்.

இவர் அமெரிக்க நாட்டு வடகரோலினா மாகாணத்தைச் சேர்ந்த சார்லட் நகரில் 1925-ஆம் ஆண்டு பிறந்தார். டியூக் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் பயின்று, 1956-இல் அங்கேயே கணிதத்தில் டாக்டர் பட்டமும் பெற்றார். அவ்வாண்டே ஐ.பி.எம். நிறுவனத்தில் சேர்ந்து, பணிக்காலம் முழுவதையும் அங்கேயே கழித்தார்.

அந்நாளில் கணிப்பொறிக்குச் சிக்கலான கட்டளைகளை மேன்மேலும் சேர்ப்பதே வளர்ச்சியெனப் பலரும் எண்ணினர். காக் அவ்வாறு எண்ணினாரல்லர். மனிதர் எழுதும் நிரலை யந்திர மொழியாக மாற்றும் கம்பைலர்களை ஆராய்ந்து, அவை எளிய கட்டளைகள் சிலவற்றையே பெரிதும் கையாள்வதைக் கண்டார்.

1974-இல் வினாடிக்கு ஏறத்தாழ 300 தொலைபேசி அழைப்புகளை இணைக்கவல்ல யந்திரமொன்றை அமைக்க அவர் குழுவினர் முற்பட்டனர். அத்திட்டம் கைவிடப்பட்டது, ஆயினும் அதற்கென எழுந்த எண்ணம் மடியவில்லை. அதனின்றும் 801 என்னும் கணிப்பொறி பிறந்தது. அவர்கள் உழைத்த கட்டடத்தின் எண்ணே அதற்குப் பெயராயிற்று. அதன் கட்டளைகள் எளியவை. பெரும்பாலும் ஒவ்வொன்றும் ஒரே துடிப்பில் முடிவன. கணக்கு யாவும் செயலியினுள் உள்ள பதிவகங்களிலேயே நிகழும்; நினைவகத்தினின்று எடுத்தலும் அதில் வைத்தலும் தனிக் கட்டளைகளாம். சிக்கலை ஒழுங்குசெய்யும் பொறுப்பு கம்பைலரைச் சார்ந்தது.

801 தன் பெயரால் விற்பனைக்கு வரவில்லை. 1980-ஐ ஒட்டிப் பெர்க்கிலி, ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தார் இவ்வழியிலேயே செயலிகளை அமைத்தனர். ரிஸ்க் என்னும் பெயரும் பெர்க்கிலியில் எழுந்ததே. ஐ.பி.எம். நிறுவனம் 1990-இல் ஆர்.எஸ். 6000 கணிப்பொறியை வெளியிட்டபோதே இவர் கொள்கையின் ஆற்றல் அங்கு முழுமையாய் விளங்கிற்று. காக் எழுதியது குறைவு. நண்பரோடு உரையாடியே தம் கருத்துக்களைப் பரப்பினார். எனினும் 1987-இல் டூரிங் பரிசு அவரை நாடி வந்தது. 2002-ஆம் ஆண்டு அவர் மறைந்தார்.

2018-இல் சென்னை ஐ.ஐ.டி.யார் வடிவமைத்த சக்தி என்னும் செயலியும் இம்மரபினதே. மாணவ நண்பர்களே! சேர்க்கும் திறம் பலர்க்கு உண்டு. வேண்டாததை நீக்கும் துணிவு சிலர்க்கே வாய்க்கும். காக் அத்துணிவுடையார்.