பெர்மாவும் நேர்கோடும்

இரு புள்ளிகளைக் கொடுத்து அவற்றினூடே செல்லும் நேர்கோட்டின் சமன்பாட்டைக் கேட்பின், பள்ளி மாணாக்கனும் சிறிது பொழுதில் விடையிறுப்பான். அவ்வித்தைக்கு வித்திட்டவருள் ஒருவராகிய பியர் டி பெர்மா என்பார் கணிதத்தைத் தொழிலாகக் கொண்டவரல்லர். பிரெஞ்சு தேசத்து நீதிமன்ற உத்தியோகஸ்தர்.

தோல் வணிகரொருவரின் மகனாராய்ப் போமோன் என்னும் சிற்றூரிற் பிறந்த இவர், சட்டம் பயின்று, 1631ஆம் ஆண்டில் துலூஸ் நகர உயர் நீதிமன்றத்திற் பதவி பெற்றார். ஓய்வு நேரமே கணிதத்துக்குக் கிடைத்தது.

கிரேக்க அறிஞர் அப்பொல்லோனியர் இயற்றி மறைந்துபோன நூலொன்றை மீட்டமைக்க முயல்கையில் இவருக்குப் புதுவழி தோன்றிற்று. ஓர் அடிக்கோட்டின்மேல் நிலைத்த புள்ளியொன்றிலிருந்து ஒரு நீளத்தை அளந்தார்; அதன் முடிவினின்று குறித்த கோணத்தில் எழும் மற்றொரு நீளத்தையும் கொண்டார். இரண்டும் மாறினும், அவற்றிடையே முதற்படிச் சமன்பாடு நிலவுமாயின், நுனிப்புள்ளி செல்லும் வழி நேர்கோடேயெனக் கண்டார். வரைகோலாற் கண்டதனை எண்ணாற் காணும் வழி இவ்வாறு பிறந்தது.

உதாரணமாக, அடிநீளம் 1 ஆகும்போது உயரம் 3, அடிநீளம் 3 ஆகும்போது உயரம் 7 எனக் கொள்வோம். அடிநீளம் 2 மிக, உயரம் 4 மிகுகின்றது. ஆகவே ஒன்றுக்கு இரண்டு வீதம். முதற் புள்ளியில் அடிநீளத்தின் இருமடங்கு 2; உயரமோ 3. எஞ்சியது 1. எனவே உயரமானது அடிநீளத்தின் இருமடங்கோடு ஒன்று கூட்டியதாம். இரண்டாம் புள்ளிக்கும் இது பொருந்துதல் காண்க. இன்று நாம் எழுதும் வாய்பாடு பின்வந்தோர் அமைத்ததே, அடிப்படை பெர்மாவினது. தமிழ் பயிலும் எனக்கும் இது விளங்கிற்றென்றால் அதன் தெளிவை என்னென்பது!

ஆயினும் அவர் அதனை அச்சேற்றவில்லை. கையெழுத்துப் படியாகவே நண்பரிடையே உலவவிட்டார். கல்லூரி மலரிலே தம் பெயரைக் காண ஏங்கும் நம்மனோர்க்கு இவ்வியல்பு விளங்குதல் அரிது. 1637இல் டேக்கார்ட் என்னும் தத்துவஞானியார் தாமே கண்ட இதே நெறியை நூலாக வெளியிட்டார். மறு ஆண்டில் தொடுகோடுகளைப் பற்றி இருவர்க்கும் கடும் வாதம் மூண்டது. பெர்மாவின் முறையை டேக்கார்ட் குறைகூறினார். இறுதியில் அது செம்மையானதேயென ஒப்ப நேர்ந்தது.

1653இல் பெர்மா இறந்தாரென்று பொய்ச்செய்தி பரவிற்று; அவரோ பின்னும் பன்னிரண்டு ஆண்டுகள் உயிர்வாழ்ந்து, 1665 ஜனவரியில் காஸ்திர் நகரில் காலமானார். நூலொன்றின் ஓரத்தில் அவர் குறித்துச் சென்ற எண்கணிதக் கூற்றொன்று 1995இல்தான் நிறுவப்பெற்றது. நேர்கோட்டைப் பற்றிய சுவடியை மகனார் சாமுவேல் 1679இல் அச்சிட்டார். அதற்குள் நாற்பத்திரண்டு ஆண்டுகள் கழிந்திருந்தன. அம்முறைக்கு டேக்கார்ட்டின் பெயரே இன்றும் வழங்குகின்றது.