பாவலர் வரதராசன்: நாட்டுப்புற மெட்டும் பொதுமேடையும்

முன்னுரை

தமிழ் இலக்கிய வரலாறு பெரிதும் அச்சேறிய பனுவல்களைச் சான்றாகக் கொண்டே எழுதப்பட்டுள்ளது. மேடையில் மட்டும் வாழ்ந்த பாடல்களுக்கு அதில் இடம் அரிது. கம்பம் பள்ளத்தாக்கைச் சேர்ந்த பாவலர் வரதராசன் அவ்வாறு விடுபட்டவர்களுள் ஒருவர். இளையராஜாவின் தமையனார் என்ற அளவிலேயே அறியப்படும் அவரை, நிகழ்த்துகலைஞராகக் கண்டு மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வாழ்களம்

வரதராசனின் ஊரான பண்ணைப்புரம் இன்றைய தேனி மாவட்டம், உத்தமபாளையம் வட்டத்தில் உள்ளது. அவர் காலத்தில் அது மதுரை மாவட்டத்தைச் சார்ந்திருந்தது. பெரியாற்று நீரால் நெல் விளையும் வயல்கள் ஒருபுறமும், தேயிலையும் ஏலமும் விளையும் மலைத்தோட்டங்கள் மறுபுறமும் அமைந்த நிலம் அது. நடவுப்பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி, கும்மி ஆகியன இங்குள்ள உழைக்கும் மக்களின் வாழ்வோடு பிணைந்தவை. கும்மியில் ஆடுவோரே பாடுவோருமாவர். பார்வையாளர் எனத் தனியொரு கூட்டம் அதற்கு இன்றியமையாததன்று. பொதுவுடைமை இயக்கத்தைச் சார்ந்த வரதராசன், மக்கள் அறிந்த மெட்டுகளில் அரசியற் சொற்களை அமைத்துப் பெருந்திரளான அவையோர் முன் பாடினார். பாடுவோரும் கேட்போரும் இதனால் பிரிந்தனர். எனினும் மெட்டு இருவருக்கும் பொதுவாகவே நின்றது.

தேவிகுளம்

1956ஆம் ஆண்டு மொழிவழி மாநிலச் சீரமைப்பில் தேவிகுளம் கேரளத்துடன் இணைந்தது. அங்குள்ள தோட்டத் தொழிலாளருள் பெரும்பாலோர் தமிழர். 1957இல் அங்கு வென்ற ரோசம்மா புன்னூசின் தேர்தல் செல்லாதென அறிவிக்கப்பட்டமையால் 1958இல் இடைத்தேர்தல் நடைபெற்றது. குறுகிய பெரும்பான்மையில் இயங்கிய ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாடு அமைச்சரவைக்கு இவ்வெற்றி முதன்மையானது. வரதராசன் அத்தொழிலாளரிடையே பாடிப் பரப்புரை செய்தார். ரோசம்மா மீண்டும் வென்றார். இளையராஜா தம் 14ஆம் வயதில் தமையனாரின் குழுவில் இணைந்தார். பாவலர் சகோதரர்கள் என்னும் பெயரில் அக்குழு தென்னகமெங்கும் பாடியது.

தொகுப்பும் நிகழ்த்தலும்

இதே காலத்தில், இதே இயக்கச் சார்புடைய நா. வானமாமலை மக்கள் பாடல்களைத் தொகுத்து, 1964இல் ‘தமிழர் நாட்டுப் பாடல்கள்’ என்னும் நூலை வெளியிட்டார். வானமாமலை குரலை ஏட்டில் சேர்த்தார். வரதராசன் அதனைப் புதிய சொற்களோடு மக்களிடமே திருப்பியளித்தார். ஆய்வுலகம் முன்னதைப் போற்றிய அளவிற்குப் பின்னதைப் பொருட்படுத்தவில்லை. அவ்வப்போதைய தேவைக்கெனப் பிறந்த பாடல், தேவை முடிந்ததும் மறைவது இயல்பு. அதனையே தகுதிக்குறைவாகக் கொள்வது பொருந்தாது.

முடிவுரை

நாட்டுப்புற இசையைத் திரையில் நிலைநிறுத்திய ‘அன்னக்கிளி’ 1976இல் வெளிவந்தது. அதனைக் காண வரதராசன் உயிரோடில்லை. தம்பியரின் புகழ் அவர் பெயரைக் காத்தது. அப்புகழே அவர் பணியை முன்கதையாகச் சுருக்கியும் விட்டது. அவரிடமிருந்த மெட்டுகளுக்கு முன்னுரிமையுடையோர் பெயரறியா நடவுப் பெண்களும் தோட்டத் தொழிலாளருமே. ஆதலின் வரதராசனை மீட்டெடுக்கும் ஆய்வு அவரோடு நின்றுவிடாமல், அவருக்குப் பாட்டளித்த அம்மக்கள் வரை செல்லுதல் வேண்டும். அவர் பாடலைக் கேட்டோர் நினைவுகளைப் பள்ளத்தாக்கிலும் மலைத்தோட்டங்களிலும் பதிவுசெய்வது அதற்கான முதற்பணியாகும்.