ஒற்றைக் கண் துப்பாக்கி மேதை: பால் மவுசர்

"மவுசர்" என்றால் ஒரு துப்பாக்கியின் பெயர் என்றுதான் பலருக்குத் தெரியும். அந்தப் பெயரில் ஒரு மனிதர் வாழ்ந்தார். ஏழைக் குடும்பத்தில் பிறந்த தொழிலாளி அவர். அவர் அமைத்த ரைபிள் துப்பாக்கியைப் பல நாட்டு ராணுவங்கள் தூக்கின. போர்கள் முடிந்தன. ராணுவங்கள் அந்தத் துப்பாக்கிகளைக் கழித்து விற்றன. இலக்கு வைத்துச் சுட்டுப் பழகும் பொழுதுபோக்கு உள்ளவர்கள், பல நாடுகளில் இன்றும் அவற்றைத் தேடி வாங்குகிறார்கள்.

நூறு ஆண்டுக்கு முந்திய இரும்பை நம்பிக் கன்னத்தில் வைத்துச் சுடலாமா? எதைப் பார்த்து வாங்குவது? இந்தக் கேள்விகளுக்கு விடை மவுசரின் வாழ்க்கையிலேயே இருக்கிறது.

பதின்மூன்றாவது பிள்ளை

பால் மவுசர் 1838-ம் ஆண்டு ஜூன் 27-ந் தேதி ஓபர்ன்டார்ப் என்ற ஊரில் பிறந்தார். அது நெக்கார் நதிக்கரையில் உள்ள சிறு ஊர். ஜெர்மனி அப்போது ஒரே நாடாக இல்லை. ஓபர்ன்டார்ப், வூர்ட்டம்பர்க் மன்னரின் ஆட்சியில் இருந்தது.

அந்த ஊரில் பழைய கிறிஸ்தவ மடம் ஒன்று இருந்தது. மன்னர் அதைத் துப்பாக்கித் தொழிற்சாலையாக மாற்றியிருந்தார். பாலின் தந்தை அங்கே தொழிலாளி. அவருக்குப் பிள்ளைகள் 13 பேர். கடைக்குட்டி பால்.

பாலும், அவருக்கு நாலு வயது மூத்த அண்ணன் வில்ஹெல்மும் தந்தை வேலை பார்த்த இடத்திலேயே தொழில் கற்றார்கள். 1859-ல் பால் ராணுவ சேவைக்கு அழைக்கப்பட்டார். அவரைப் பீரங்கிப் படையில் சேர்த்து, லுட்விக்ஸ்பர்க் நகர ஆயுதச் சாலைக்கு அனுப்பினார்கள்.

முகத்தில் அடித்த புகை

அந்தக் காலத்தில் பிரஷ்யா நாட்டுச் சிப்பாய்களிடம் "ஊசித் துப்பாக்கி" இருந்தது. வீட்டுக் கதவுத் தாழ்ப்பாளைப் போல் ஓர் இரும்புத் தண்டு அதில் உண்டு. அதைப் பின்னுக்கு இழுத்துத் தோட்டாவைப் போட வேண்டும். பிறகு முன்னே தள்ளி மடக்க வேண்டும். குழலின் வாய் வழியாக மருந்து இடித்து நிரப்பும் வேலை இல்லை.

ஆனால் அதில் ஒரு பெரிய குறை இருந்தது. தோட்டாவின் உறை காகிதத்தால் ஆனது. தாழ்ப்பாளும் குழலும் சேரும் இடத்தில் சூடான புகை கசியும். அது சுடுகிறவனின் முகத்தில் அடிக்கும். மெல்லிய ஊசியும் அடிக்கடி ஒடியும்.

இந்தக் குறையைப் போக்க அண்ணனும் தம்பியும் முனைந்தார்கள். பாலுக்குக் கை வேலை. வில்ஹெல்முக்கு வாய் வேலை. தம்பி செய்ததை அண்ணன் அதிகாரிகளிடம் எடுத்துக் காட்டுவார். 1867-ல் சாமுவேல் நாரிஸ் என்ற அமெரிக்கர் அவர்களுடன் ஒப்பந்தம் செய்து கொண்டார். சகோதரர்கள் பெல்ஜியம் நாட்டு லீஜ் நகரத்துக்குப் போய் வேலை செய்தார்கள். ஒப்பந்தம் நிலைக்கவில்லை. சொந்த ஊருக்கே திரும்பினார்கள்.

உழைப்பு வீண் போகவில்லை. 1871-ல் புதிய ஜெர்மானிய அரசு மவுசர் துப்பாக்கியைத் தன் ராணுவத்துக்கு ஏற்றுக்கொண்டது. உலோக உறை போட்ட தோட்டா, குழலின் பின்வாயை இறுக அடைத்தது. புகை பின்னே வருவது குறைந்தது.

தீயும் மரணமும்

துப்பாக்கி மவுசருடையது என்றாலும், அதைச் செய்யும் வேலையை முதலில் அரசுத் தொழிற்சாலைகளே எடுத்துக்கொண்டன. சகோதரர்களுக்கு, குறி பார்க்கும் உறுப்பைச் செய்து கொடுக்கும் சிறு வேலைதான் கிடைத்தது. சிறுகச் சிறுகச் சேர்த்துச் சொந்தப் பட்டறை கட்டினார்கள். 1873-ல் அது தீப்பற்றி எரிந்தது. மனம் தளராமல் மறுபடி கட்டினார்கள்.

அடுத்த ஆண்டே ஓர் அதிசயம் நடந்தது. தந்தை கூலிக்கு வேலை செய்த அதே அரசுத் தொழிற்சாலையை மக்கள் இருவரும் விலைக்கு வாங்கினார்கள்!

1882-ல் வில்ஹெல்ம் காலமானார். அவருக்கு வயது 47. தோளுக்குத் தோள் நின்ற அண்ணனை இழந்த பால், தனியாகத் தொடர்ந்தார்.

1898-ம் ஆண்டுத் துப்பாக்கி

பிறகு புகையில்லாத வெடிமருந்து வந்தது. அதன் வேகம் அதிகம். குழலுக்குள் எழும் அழுத்தமும் அதிகம். ஆகவே தாழ்ப்பாளை உறுதியாக்க வேண்டியிருந்தது. 1889-ல் பெல்ஜியத்துக்கும், 1893-ல் ஸ்பெயினுக்கும் மவுசர் புதிய துப்பாக்கிகளை அமைத்தார். ஸ்பெயின் துப்பாக்கியில் ஐந்து தோட்டாக்கள் கட்டைக்குள்ளேயே அடங்கின.

1898-ல் கியூபாவில் ஸ்பெயினுக்கும் அமெரிக்காவுக்கும் போர் நடந்தது. மவுசர் தோட்டாக்களால் அமெரிக்கப் படை பெரும் சேதம் அடைந்தது. பின்னர் அமெரிக்கா தன் 1903-ம் ஆண்டுத் துப்பாக்கியில் மவுசரின் முறைகளைக் கையாண்டது. அதற்காக 2 லட்சம் டாலர் உரிமைத் தொகை கொடுத்தது.

அதே 1898-ல்தான் மவுசரின் தலைசிறந்த படைப்பு வெளிவந்தது. தாழ்ப்பாளைப் பூட்ட முன்னால் இரண்டு முளைகள் இருந்தன. அவை தவறினாலும் காப்பாற்றப் பின்னால் மூன்றாவது முளை ஒன்றை வைத்தார். தோட்டாவின் உறை கிழிந்தால் புகை வெளியேறத் தாழ்ப்பாளில் துளைகள் போட்டார். மிச்சப் புகையும் முகத்துக்கு வராமல் தடுக்க ஒரு விளிம்பு அமைத்தார்.

இவ்வளவு கவனமாக இருந்தவருக்கே விபத்து வந்தது. 1901-ல் தானாகவே தோட்டா ஏற்றிக்கொள்ளும் புது வகைத் துப்பாக்கி ஒன்றைச் சோதித்துக் கொண்டிருந்தார். தோட்டா வெடித்து ஒரு கண் போயிற்று. அப்போது அவர் அறுபது வயதைத் தாண்டியிருந்தார். மற்றொரு கண்ணோடு வேலையைத் தொடர்ந்தார்.

1912-ல் அவருக்குப் பிரபுப் பட்டம் கிடைத்தது. 1914 மே 29-ல் காலமானார். இரண்டே மாதத்தில் முதல் உலகப் போர் மூண்டது. அவருடைய துப்பாக்கிகள் எத்தனையோ தாய்மாரைக் கதற வைத்தன. அதைக் காண அவர் இல்லை.

போர்க்களத்திலிருந்து பழகு களத்துக்கு

மவுசர் அமைப்பு வேட்டைத் துப்பாக்கிகளிலும் புகுந்தது. 1907-ல் நம் நாட்டில் சம்பாவத் ஆட்கொல்லிப் புலியை ஜிம் கார்பெட் கொன்றார். அதற்குப் பரிசாக அவருக்குத் தரப்பட்ட ரிக்பி துப்பாக்கி, மவுசர் அமைப்பில் செய்யப்பட்டதுதான்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ராணுவங்கள் கழித்த துப்பாக்கிகள் மலிவாக விலைக்கு வந்தன. அமெரிக்காவில் தபால் மூலமே வாங்க முடிந்தது. 1968-ல் வந்த சட்டம் அந்தத் தபால் வியாபாரத்துக்கு முடிவு கட்டியது. அந்தந்த நாட்டுச் சட்டத்துக்கு உட்பட்டு இன்று வாங்குகிறவர்கள், விலையைக் கடைசியில்தான் பார்க்க வேண்டும்.

முதலில் வருடம். மூன்றாவது முளை உள்ள 1898-ம் ஆண்டு அமைப்பே உறுதியானது. அதற்கு முந்தியவை கெட்டவை அல்ல. ஆனால் அவற்றுக்கென்று ஏற்பட்ட தோட்டாவை மட்டுமே போட வேண்டும். வேகம் கூடிய தோட்டா ஆபத்து. சுவீடன் நாட்டின் 1896-ம் ஆண்டு மவுசருக்கு உதை குறைவு, குறி துல்லியம். ஆகவே இலக்குச் சுடுகிறவர்கள் அதை விரும்புகிறார்கள்.

இரண்டாவது எண். துப்பாக்கியின் உடலிலும் தாழ்ப்பாளிலும் ஒரே எண் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். எண் மாறியிருந்தால், வேறு துப்பாக்கியின் தாழ்ப்பாளைப் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். அது தோட்டாவைச் சரியாக அணைக்காமல் போகலாம். எண் ஒத்திருந்தாலும், துப்பாக்கித் தொழில் தெரிந்தவரிடம் அளந்து பார்ப்பதே நல்லது.

மூன்றாவது குழல். பழைய ராணுவத் தோட்டாக்களின் மருந்து, உப்பைப் போன்ற ஒரு படிவை விட்டுச் செல்லும். சரியாகக் கழுவாத குழலில் துரு ஏறியிருக்கும். தோட்டா இல்லை என்று உறுதி செய்து, தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டு வெளிச்சத்தில் பார்த்தால், உள்ளே சுருள் வரிகள் கூர்மையாகத் தெரிய வேண்டும். வெளியே மெருகு மின்னினாலும் குழல் அரித்துப் போயிருந்தால் குறி தப்பும்.

நாலாவது மரக்கட்டை. இரும்பும் மரமும் சேரும் இடத்தில் வெடிப்பு இருக்கக் கூடாது.

கடைசியாகத் தோட்டாவின் அளவு. ஜெர்மனி 1905-ல் தன் தோட்டாவை மாற்றியது. புதிய குண்டு சற்றுப் பருமனானது. பெயர் ஒன்றுபோல் இருக்கிறதே என்று அதைப் பழைய குழலில் போட்டால் உயிருக்கே ஆபத்து.

இரண்டாம் உலகப் போரின் முடிவில் பிரெஞ்சுப் படை ஓபர்ன்டார்ப் நகரைப் பிடித்தது. மவுசரின் தொழிற்சாலை பின்னர் தகர்க்கப்பட்டது. ஆனால் 1898-ம் ஆண்டுத் துப்பாக்கியின் தாழ்ப்பாளைக் கழற்றிப் பார்த்தால் இன்றும் இரண்டு சிறு துளைகளைக் காணலாம். முன்பின் அறியாத யாரோ ஒருவருடைய கண்ணைக் காப்பதற்காகப் பால் மவுசர் போட்ட துளைகள் அவை.