தீனபந்து ஆண்ட்ரூஸ்

சென்னையிலிருந்து திருச்சிக்குச் செல்லும் பெருஞ்சாலையில், சேலத்துக்குச் சாலை பிரிகின்ற இடம் உளுந்தூர்பேட்டை. 2019-ஆம் வருஷம் முதல் கள்ளக்குறிச்சி மாவட்டத்தைச் சேர்ந்திருக்கும் இவ்வூர், முன்னாளில் தென்னார்க்காடு ஜில்லாவைச் சார்ந்திருந்தது. வானம் பார்த்த புன்செய் மிகுந்த அந்த ஜில்லாவில், மழை தவறிய வருஷங்களில் ஏழைக் குடியானவனுக்கும் பண்ணையாளுக்கும் இரண்டே வழிகள் இருந்தன. ஊரோடிருந்து பட்டினி கிடக்கலாம். அன்றேல் சாலையைப் பிடித்துக் கிளம்பிவிடலாம். கிளம்பியவர்களில் ஒரு பகுதியினர் ஆள்பிடிக்கும் தரகர்களின் கையில் சிக்கிச் சென்னையில் கப்பலேறினர். 1860 முதல் 1911 வரை நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற இந்தியர் ஏறத்தாழ 1,52,000 பேர். அவர்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்கள். வட ஆர்க்காடு, தென்னார்க்காடு, செங்கற்பட்டு, தஞ்சை ஜில்லாக்காரர்கள் அவர்களில் உண்டு. பிஜித் தீவுக்கு 1879 முதல் 1916 வரை சென்ற சுமார் 60,000 பேரில் நான்கில் ஒரு பங்கினர் தென்னிந்தியர்.

இப்படிப் போனவர்களுக்காகத் தம் வாழ்நாளில் பெரும்பகுதியைச் செலவிட்ட ஒருவரின் சரிதத்தை இங்கே கூற விரும்புகிறோம். அவர் தமிழரல்லர், இந்தியரும் அல்லர். நம்மை ஆண்ட ஜாதியிலே பிறந்த ஆங்கிலேயர். அதற்கும் மேலாக, மதப்பிரசாரத்துக்கென்றே இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட பாதிரியார். பாதிரிமார்களிடம் தேசபக்தர்கள் கொண்டிருந்த அவநம்பிக்கை சிறிதன்று. அதற்குக் காரணமும் இல்லாமற் போகவில்லை. அந்த அவநம்பிக்கையை வாதத்தினாலன்றி வாழ்க்கையினாலே வென்றவர் சார்லஸ் பிரீர் ஆண்ட்ரூஸ்.

அவர் 1871-ஆம் வருஷம் பிப்ரவரி 12-ந் தேதி இங்கிலாந்தின் வடபகுதியிலுள்ள நியூகாஸில் நகரில் பிறந்தார். தந்தையார் ஒரு சிறு கிறிஸ்தவ சபையின் குரு. கேம்பிரிட்ஜில் கல்வி பயின்று தேர்ந்த ஆண்ட்ரூஸ், லண்டன் மாநகரத்தில் ஏழைத் தொழிலாளர் வாழும் வால்வொர்த் பகுதியில் ஊழியஞ் செய்தார். வறுமை இன்னதென்று அவர் அறிந்தது அங்கேதான். 1904-இல் டில்லிக்கு வந்து ஸெயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரியில் ஆசிரியரானார். இரண்டு வருஷங்களுக்குப் பின் கல்லூரித் தலைமைப் பதவி காலியாயிற்று. அக்காலத்து வழக்கப்படி அது வெள்ளையருக்கே உரியது. ஆண்ட்ரூஸுக்கே அது கிடைத்திருக்கும். அவரோ, தம்மினும் அனுபவம் மிக்க ஸுசீல் குமார் ருத்திரர் இருக்கையில் அதனைத் தாம் ஏற்பது தகாதென்று மறுத்து, ஓர் இந்தியரே தலைவராகும்படி வாதாடி வெற்றி பெற்றார். ருத்திரர் 1906-இல் தலைவரானார். பதவியை வேண்டாமென்று சொல்லுதல் எளிது என்று நினைப்போர், கைக்கெட்டிய பதவியைத் தாம் ஒருமுறை மறுத்துப் பார்ப்பாராக.

1912-இல் லண்டனில் ரவீந்திரநாத தாகூரின் பாடல்கள் படிக்கப்பட்ட ஓர் இரவு அவருடைய மனத்தைக் கொள்ளைகொண்டது. அடுத்த வருஷம் தென்னாப்பிரிக்காவில் மகாத்மா காந்தியின் சத்தியாக்கிரகம் உச்சநிலை அடைந்தது. ஒப்பந்தம் முடிந்த பிறகும் நேட்டாலிலேயே தங்கிய கூலிகளின்மீது தலைக்கு வருஷம் 3 பவுன் வரி விதிக்கப்பட்டிருந்ததும், கிறிஸ்தவ முறைப்படி நடவாத விவாகங்கள் செல்லாவென்று நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் போராட்டத்துக்குக் காரணங்கள். ஸ்ரீ கோகலே நிதி திரட்டியபோது, ஆண்ட்ரூஸ் தாம் சேமித்து வைத்திருந்த பணம் முழுவதையும் கொடுத்தார். பின்னர் கோகலேயின் விருப்பப்படி நண்பர் பியர்ஸனுடன் தாமே கப்பலேறினார்.

1914 ஜனவரி 2-ந் தேதி கப்பல் டர்பன் துறையை அடைந்தது. அங்கே நின்ற கூட்டத்தில் காந்தியடிகள் யாரென்று ஆண்ட்ரூஸுக்குத் தெரியவில்லை. சுடப்பட்டு இறந்த தொழிலாளருக்காகத் துக்கம் காத்து, தலையை மழித்துக் கூலியாளின் முரட்டு உடையை அணிந்து நின்றிருந்தார் காந்தி. முன்னரே அறிமுகமாயிருந்த போலக் சுட்டிக்காட்டியதும் ஆண்ட்ரூஸ் குனிந்து அவருடைய பாதங்களைத் தொட்டு வணங்கினார். துறைமுகத்தில் நின்ற வெள்ளையர் திகைத்தனர். அவர்களுடைய பத்திரிகைகள் கொதித்தெழுந்தன. வெள்ளை நிறத்தார் ஒருவர் ஆசியாக்காரரின் காலைத் தொடுவதா? ஆண்ட்ரூஸ் இதற்காக வருந்தவில்லை. தம் வீட்டில் பெரியவரைக் கண்டால் செய்வதைச் செய்தவர்போல அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டார். காந்திக்கும் ஜெனரல் ஸ்மட்ஸுக்கும் இடையே அலைந்து, உடன்படிக்கை ஏற்படப் பெரிதும் உதவினார். அந்நாட்களிலேதான் தாயார் நோயுற்றிருக்கும் செய்தி வந்தது. பேச்சு முடியும்வரை அவர் நகரவில்லை. தாயாரின் முகத்தைக் கடைசியாகக் காணும் பேறு அவருக்குக் கிடைக்கவில்லை.

நேட்டாலில் அவர் கண்ட காட்சியொன்று அவருடைய பிற்காலம் முழுவதையும் உருவாக்கிற்று. தோட்டத்திலிருந்து தப்பியோடி வந்த ஒரு கூலி, முதுகெல்லாம் அடிபட்ட தழும்புகளுடன் காந்தியிடம் அடைக்கலம் புகுந்தான். அருகில் நின்ற ஆண்ட்ரூஸின் வெள்ளை முகத்தைக் கண்டதும், மறுபடியும் அடி விழப்போகிறதென்று எண்ணி நடுநடுங்கி ஒடுங்கினான். தம் நிறமே ஒரு மனிதனுக்கு அச்சத்தைத் தருவதை ஆண்ட்ரூஸ் அன்று நேரிலே அறிந்தார். அடுத்த வருஷம் வாந்திபேதியால் சாவின் விளிம்புவரை சென்று தேறிவரும்போது, அந்த முகம் மீண்டும் அவர் கண்முன் தோன்றியது. பார்த்துக்கொண்டே இருக்கையில் அது கிறிஸ்துவின் முகமாக மாறியதென்று அவர் பின்னர் எழுதியிருக்கிறார். இதனை நோயாளியின் மனமயக்கம் என்று கூறுவோர் கூறட்டும். எழுந்து நடமாடத் தொடங்கிய ஆண்ட்ரூஸ், அவ்வருஷமே பியர்ஸனை அழைத்துக்கொண்டு பிஜிக்குப் பயணமானார்.

பிஜியில் நம்மவர் பட்ட பாட்டைப் பாரதியார் பாட்டிலே வைத்து அழுதிருப்பதைத் தமிழ் மக்கள் அறிவார்கள். ஆண்ட்ரூஸ் அதனைக் கணக்கிலே வைத்துக் காட்டினார். ஐந்து வருஷ ஒப்பந்தம். கைந்நாட்டு வைத்தவனுக்கு அதன் வாசகம் தெரியாது. ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு ஷில்லிங், பெண்ணுக்கு 9 பென்ஸ் கூலியென்பது காகிதத்தில் உள்ள கணக்கு; இட்ட வேலையை முடிக்காதவனுக்கு அதுவும் இல்லை. பத்தடிக்கு ஏழடி அளவுள்ள அறையில் மூன்று ஆண்கள். நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் என்ற விகிதத்தில் ஆளனுப்பியதால் குடும்ப வாழ்க்கை குலைந்தது. கொலையும் தற்கொலையும் மிகுந்தன. ஆண்ட்ரூஸும் பியர்ஸனும் லயன் லயனாக நடந்து, கூலிகளோடு உட்கார்ந்து பேசி, துரைமாரையும் விசாரித்து, 1916 பிப்ரவரியில் அறிக்கையை வெளியிட்டனர். அதன் பலம் அதன் நிதானத்தில் இருந்தது. நல்ல தோட்ட முதலாளி இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லிவிட்டு, அம்முறையே அழிக்கப்படவேண்டியது என்று அது முடிவுகட்டியது.

அடுத்த மாதமே பண்டித மாளவியா சட்டசபையில் கொண்டுவந்த தீர்மானத்தை வைஸ்ராய் ஹார்டிஞ்சு பிரபு ஏற்றுக்கொண்டார். ஆனால் ஏற்றுக்கொள்வது வேறு, நிறுத்துவது வேறு என்பது சர்க்கார்களின் வழக்கமன்றோ! இன்னும் ஐந்து வருஷம் ஆள்பிடிக்க இடங்கொடுக்கும் ஏற்பாடு திரைமறைவில் நடப்பதை ஆண்ட்ரூஸ் கண்டுபிடித்து அம்பலப்படுத்தினார். தேசமெங்கும் கிளர்ச்சி மூண்டது. 1917 மார்ச்சில் ஆளனுப்புதல் நிறுத்தப்பட்டது. முன்பே போனவர்களின் கதி என்ன என்று பார்க்க அவர் அவ்வருஷமே மறுமுறை பிஜிக்குச் சென்றார். 1920 ஜனவரி 1-ந் தேதி பிஜியில் எஞ்சியிருந்த ஒப்பந்தங்களும் ரத்தாயின. தீனபந்து என்னும் பெயரை அவருக்கு அளித்தவர்கள் அந்தத் தீவின் ஏழைகளே.

பின்னிட்ட சேவைகளை விரித்தால் இடம் போதாது. 1919-இல் பஞ்சாபில் கசையடி பட்ட கிராமவாசியின் காலடியில் குனிந்து தம் இனத்தார் செய்த கொடுமைக்கு மன்னிப்புக் கேட்டார். 1921-இல் கென்யாவில் இந்தியருக்காகப் பேசியதன் பொருட்டு, ரயில் பயணத்தில் வெள்ளையர் கையால் அடிபட்டார். 1925-இல் வைக்கத்துக்கு வந்து தீண்டாமைப் போராட்டத்துக்கு ஆதரவளித்தார். அகில இந்தியத் தொழிற்சங்கக் காங்கிரஸுக்கு இருமுறை தலைமை வகித்தார். காங்கிரஸ் மகாசபை பூரண சுயராஜ்யத் தீர்மானத்தை நிறைவேற்றியது 1929-இல். அதற்குப் பல வருஷங்களுக்கு முன்னரே, இந்தியாவுக்கு முழு சுதந்திரமே உடனடித் தேவையென்று எழுதியவர் இந்த ஆங்கிலேயர்.

காந்தியடிகளிடம் அளவற்ற அன்பு கொண்டிருந்தும் அவர் சொன்னதற்கெல்லாம் தலையசைத்தவரல்லர். 1918-இல் யுத்தத்துக்கு ஆள்சேர்க்க அவர் முனைந்ததையும், 1921-இல் அந்நியத் துணிகளைக் கொளுத்தச் செய்ததையும் ஆண்ட்ரூஸ் எதிர்த்தார். ஏழை ஒருவன் போர்த்திக்கொள்ளக்கூடிய துணியை நெருப்பிலிடுவது அவருக்குப் பொறுக்கவில்லை. இவ்விஷயத்தில் அவர் கூறியது சரியா என்பதில் அன்றே அபிப்பிராய பேதம் இருந்தது. ஆயினும் 1924-இல் இந்து-முஸ்லிம் ஒற்றுமைக்காகக் காந்தி டில்லியில் 21 நாள் உபவாசமிருந்தபோது பக்கத்திலிருந்து பணிவிடை செய்தவர் அவரே. விரதம் முடிந்த அன்று குர்ஆனும் உபநிஷதமும் ஓதப்பட்ட சபையில் அவர் சிலுவையைப் பற்றிய கீர்த்தனம் ஒன்றைப் பாடினார்.

சர்ச்சின் கோட்பாடுகள் சிலவற்றை மனமொப்பிச் சொல்ல இயலாமையால் 1914-இல் குருத்துவ அலுவலை விட்டு, சாந்திநிகேதனத்தில் வசிக்கலானார். கிறிஸ்துவை விட்டுவிட்டார் என்று அவருடைய பழைய நண்பர் சிலர் வருந்தினர். வெள்ளையர் அவரைத் துரோகியென்றனர். சர்க்காரின் ஒற்றர்கள் அவரைப் பின்தொடர்ந்தனர். நம்மவரிலும் சிலர் அவரையே ஒற்றரென்று ஐயுற்றனர். அவரோ கதர் வேஷ்டியுடன், கையிலுள்ளதைக் கேட்டவருக்குக் கொடுத்துவிட்டு, அடுத்த கப்பலுக்கோ ரயிலுக்கோ விரைந்துகொண்டிருந்தார்.

1940 ஏப்ரல் 5-ந் தேதி கல்கத்தா ஆஸ்பத்திரியில் அவர் காலமானார். உடல் அந்நகரிலேயே கிறிஸ்தவ முறைப்படி அடக்கஞ் செய்யப்பட்டது. கிறிஸ்துவின் சரிதத்தை எழுதவேண்டுமென்று அவர் பல வருஷங்களாக எண்ணியிருந்தார். எங்கிருந்தாவது ஏழைகளின் அழைப்பு வந்துகொண்டே இருந்தமையால் அந்நூல் எழுதி முடிக்கப்படவில்லை.