பாறையைப் புரட்டும் நால்வர்!

மதுரைப் புதுமண்டபத்துத் தூண்களைப் பார்த்திருப்பீர்கள். நாயக்க மன்னர்கள் கைகூப்பியபடி வரிசையாக நிற்கிறார்கள். அந்தக் கல்லை மலையிலே பிளந்தவன் எங்கே? தோளிலே சுமந்து தோல் உரிந்தவன் எங்கே? அவனுக்குச் சிலையும் இல்லை, சிலைக்குக் கீழே பெயரும் இல்லை. மண்டபத்துக்கு எதிரே இருக்கும் மீனாட்சி கோயிலுக்குள், தாழ்த்தப்பட்டோர் எனப்பட்ட மக்கள் நுழைவதற்கே 1939 ஆம் ஆண்டு வரவேண்டியிருந்தது! மன்னனுக்குத் தூண், மக்களுக்குத் தெரு. இதுதான் நேற்றுவரை சிலைகளின் நீதி.

இந்த நீதியைச் சென்னைக் கடற்கரையிலே மாற்றி எழுதிய கை ஒன்று உண்டு. அது தமிழன் கையல்ல, வங்கத்தான் கை. தேவி பிரசாத் ராய் சௌத்ரி என்பது அவர் பெயர்.

1899 ஆம் ஆண்டு, இன்று வங்காளதேசத்திலே இருக்கும் ரங்க்பூர் பகுதியில், ஜமீன் குடும்பத்திலே பிறந்தார். சாய்ந்து உட்காரத் திண்டு இருந்தது, ஏவல் செய்ய ஆள் இருந்தது. ஆனால் அவரோ கையிலே களிமண்ணை எடுத்தார். அவனீந்திரநாத் தாகூரிடம் ஓவியம் கற்றார், சிற்பமும் பயின்றார். மல்யுத்தம் பழகியவர், வேட்டையாடியவர், குழல் ஊதியவர், கதை எழுதியவர். பிரான்சு நாட்டுச் சிற்பி ரோடானின் பாணி அவரை ஈர்த்தது. வழவழப்பான அழகை அவர் தேடவில்லை; நரம்பையும் தசையையும் தேடினார்.

1929இல் சென்னைக்கு வந்தார். 1850இல் ஹண்டர் என்ற ஆங்கில மருத்துவர் தொடங்கி, ஹாவெல் போன்ற வெள்ளையர்கள் தலைமை வகித்த கலைப்பள்ளி அது. இன்று பெரியாரின் பெயர் தாங்கிய நெடுஞ்சாலையிலே நிற்கிறது. அதன் தலைமைப் பொறுப்பிலே 1957 வரை, இருபத்தெட்டு ஆண்டுகள் இருந்தார் ராய் சௌத்ரி. கைத்தொழில் பழக்கும் கூடமாகப் பெயர் பெற்றிருந்த இடத்தைக் கலைஞர்களை உருவாக்கும் கூடமாக வளர்த்தார். அவரிடம் பயின்ற கே.சி.எஸ். பணிக்கர் அவருக்குப் பின் தலைமை ஏற்றார். 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை நிறுவினார். அவரிடம் பயின்ற இன்னொருவர் தனபால். தந்தை பெரியாரின் தலையைச் சிலையாக வடித்த தமிழ்ச் சிற்பி அவர்தான்! ஆசிரியர் ஏற்றிய விளக்கு எங்கெங்கே ஒளி வீசியது பாருங்கள்!

ராய் சௌத்ரி நம் இயக்கத்தவர் அல்லர். ஆங்கில அரசின் விருதையும் 1937இல் பெற்றவர்தான். ஆனால் அவர் கண் எங்கே சென்றது என்பதைக் கவனியுங்கள். வைக்கத்துத் தெருவிலே நடக்கும் உரிமைக்காகப் பெரியார் சிறை சென்றாரே, அந்தத் திருவாங்கூரிலே 1936இல் கோயில் கதவு எல்லோருக்கும் திறந்தது. அந்த நிகழ்ச்சியைச் சிற்பமாக்கினார் அவர். பசியால் வாடியவர்களை வெண்கலத்திலே வார்த்தார். 1942இல் பாட்னாவிலே கொடியேற்றச் சென்று குண்டடிபட்டு மாண்ட ஏழு மாணவர்களை அந்த நகரிலேயே எழுந்து நிற்க வைத்தார்.

இவற்றுக்கெல்லாம் சிகரம், உழைப்பாளர் சிலை! ஈரக் களிமண்ணிலே உருவமைத்து, அச்செடுத்து, உருக்கிய வெண்கலத்தை ஊற்றி எடுத்த படைப்பு. பெரும்பாறை ஒன்று. அதைப் பெயர்க்க முனையும் நால்வர். உடலிலே பட்டில்லை, தலையிலே முடியில்லை, கையிலே வாளில்லை. முறுக்கேறிய முதுகும், புடைத்த நரம்பும், ஊன்றிய காலும்தான் உண்டு. மாதிரியாக நின்றவர்களிலே ஒருவர் அந்தக் கலைப்பள்ளியின் இரவுக் காவலாளி என்பார்கள். கவர்னர் மன்றோ குதிரை மீது அமர்ந்திருக்கும் அதே சென்னையிலே, காவல்காரன் மேடையேறினான்!

1959 ஜனவரி 25இல் கடற்கரையிலே அது நிறுவப்பட்டது. எந்தக் கடற்கரை? 1923 மே முதல் நாள், சிங்காரவேலர் இந்தியாவிலேயே முதன்முதலாக மே நாள் கொண்டாடிய சென்னைக் கடற்கரை! அதே 1959இல், அவர் வடித்த காந்தியார் சிலையும் அங்கே எழுந்தது. காந்தியார் சிலையைக் காட்டிப் பெயர் கேட்டால் எவரும் சொல்வர். அந்த நால்வரின் பெயரைக் கேட்டால்? உழைப்பாளி! அது ஒன்றே அவர்கள் பெயர்.

1954இல் லலித் கலா அகாதமியின் முதல் தலைவரானார். 1958இல் பத்மபூஷண் பெற்றார். 1975இல் மறைந்தார். பட்டங்கள் ஏட்டிலே இருக்கின்றன. நால்வரோ வெயிலிலும் மழையிலும் கடற்காற்றிலும் நிற்கிறார்கள்.

தல்லாகுளத்திலிருந்து மாநாட்டுக்காகச் சென்னை செல்லும் தோழனே! வாலாஜா சாலை கடற்கரையைத் தொடும் இடத்திலே சற்று நில். அந்தச் சிலையை உற்றுப் பார். வெற்றி என்கிறோம், விழா எடுக்கிறோம். ஆனால் பாறை இன்னும் உருண்டு விடவில்லை. நால்வரும் இன்னும் தள்ளிக்கொண்டுதான் இருக்கிறார்கள். கூலி உயர வேண்டும், வேலை நிலைக்க வேண்டும், சாதி சாயவேண்டும். நான்கு பேர் போதாது என்பதைத்தான் அந்தச் சிற்பி வெண்கலத்திலே சொல்லிவிட்டுப் போனார். ஐந்தாவது தோள் உன்னுடையதாக இருக்கட்டும்!